பிரான்சிஸ் வீமெட்

பிரான்சிஸ் டிசேல்ஸ் வீமெட் (மே 8, 1893 – செப்டம்பர் 2, 1967) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர் ஆவார். கோல்ஃப் தமிழில் குழிப்பந்தாட்டம் எனவும் வழங்கப்படுகிறது. 1913 ஆம் ஆண்டில், தமது 20 ஆவது வயதில், அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் அமெச்சூர் ஆட்டக்காரர் என்னும் சிறப்பைப் பெற்றார். பரிசுப் பணமோ ஊதியமோ பெறாமல் ஆடுபவரே அமெச்சூர் எனப்படுவார்.

வசதி படைத்தோரின் கழகங்களுக்குள் மட்டுமே வளர்ந்துவந்த இவ்விளையாட்டு, எளிய குடும்பத்துச் சிறுவர்களையும் சென்றடைய இவரது வெற்றி ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. கோல்ஃப் திடல்களில் வேலை செய்யும் இளைஞர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் நிதியம் ஒன்று 1949 ஆம் ஆண்டு முதல் இவரது பெயரில் இயங்கி வருகிறது.

பின்னணி

கோல்ஃப் ஆட்டத்தில் 18 குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியிலும் பந்தை மட்டையால் அடித்து விழச்செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் 18 குழிகளையும் முடிப்பவரே வெற்றி பெற்றவர். இதற்குப் பரந்த புல்வெளித் திடல் தேவைப்படுகிறது. அதைப் பராமரிக்க ஆகும் செலவும் அதிகம். ஆகவே 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இவ்வாட்டம் பரவத் தொடங்கியபோது, செல்வந்தர்கள் சேர்ந்து நடத்திய கழகங்களே அதன் இருப்பிடமாக இருந்தன. கழகத்தில் உறுப்பினராகச் சேர ஏற்கனவே உள்ள உறுப்பினர்களின் பரிந்துரையும், நுழைவுக் கட்டணமும், ஆண்டுச் சந்தாவும் தேவைப்பட்டன.

உறுப்பினர்களின் மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்பவர் கேடி எனப்படுவார். பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது, உரிய மட்டையை எடுத்துக் கொடுப்பது, கொடிக்கம்பைப் பிடித்து நிற்பது ஆகியன இவரது வேலைகள். அக்காலத்தில் கழகங்களுக்கு அருகில் வசித்த ஏழைச் சிறுவர்களே பெரும்பாலும் இவ்வேலையைச் செய்தனர். ஆட்டத்தை மிக அருகிலிருந்து கண்டபோதும், அதே திடலில் ஆட அவர்களுக்கு உரிமை இல்லை.

ஊதியம் பெற்று ஆட்டத்தைக் கற்பித்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. போட்டிகளில் ஆட அழைக்கப்பட்டாலும், கழகத்தின் மாளிகைக்குள் அவர்கள் பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. 1920 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரிலுள்ள இன்வர்னெஸ் கழகத்தில் அமெரிக்க ஓப்பன் நடைபெற்றபோதுதான், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கழக மாளிகை முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டது.

இளமைக்காலம்

வீமெட் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஆர்தர், கனடாவிலிருந்து குடியேறிய பிரெஞ்சு மரபினர். தாய் மேரி எல்லன் பர்க், அயர்லாந்தைச் சேர்ந்தவர். வசதி குறைந்த குடும்பம். இவர் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தினர் கிளைட் தெருவில் ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வீட்டுக்கு நேர் எதிரே தெருவின் மறுபுறம் இருந்தது, த கன்ட்ரி கிளப் என்னும் கழகத்தின் 17 ஆவது குழி.

1882 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட த கன்ட்ரி கிளப், அமெரிக்காவின் மிகப் பழமையான கழகங்களில் ஒன்று. வீமெட் பிறந்த 1893 ஆம் ஆண்டில்தான் அங்கு கோல்ஃப் திடல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கத்தைத் தோற்றுவித்த ஐந்து கழகங்களுள் இதுவும் ஒன்றாகும்.

பள்ளிக்குச் செல்லும்போது வீமெட் இத்திடலைக் கடந்து சென்றார். வழியில் புல்லில் தொலைந்து கிடந்த பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்தார். அண்ணன் வில்ஃபிரட் அதே கழகத்தில் கேடியாக வேலை செய்துவந்தார். சகோதரர்கள் இருவரும் வீட்டின் பின்புறத்தில், மேடுபள்ளமான நிலத்தில், டப்பாக்களைக் குழிகளாகப் புதைத்து மூன்று குழிகள் கொண்ட சிறு திடல் ஒன்றை அமைத்துக்கொண்டனர். சரளைக் கற்களும் ஓடையும் நிறைந்த அந்த இடத்தில் நேராக அடிக்காத பந்து திரும்பக் கிடைக்காது. ஆகவே துல்லியமாக அடிக்கும் பழக்கம் இவருக்குச் சிறுவயதிலேயே ஏற்பட்டது.

11 ஆவது வயதளவில் வீமெட்டும் கேடியாகச் சேர்ந்தார். உறுப்பினர்களுள் சிலர் இவர்மீது பரிவு காட்டினர். ஒருவர் தமது பழைய மட்டைகளை இவருக்குக் கொடுத்தார். மற்றொருவர், ஒருநாள் பையைச் சுமந்து வந்த இவரையும் தம்முடன் சேர்ந்து ஆடும்படி அழைத்தார். வீமெட் மிக நன்றாகவே ஆடினார். ஆனால் கேடிகளின் மேற்பார்வையாளர் பார்த்துவிடக்கூடிய குழியை நெருங்கியதும் அச்சத்தால் நிலைகுலைந்து பல அடிகளை வீணாக்கினார். மற்ற நாட்களில், ஆட்கள் வருமுன் விடியற்காலையில் திடலுக்குள் நுழைந்து சில குழிகள் ஆடுவதும், காவலர் கண்டால் ஓடுவதும் வழக்கமாக இருந்தது.

யாரும் விரட்டாமல் ஆடுவதற்கு அவருக்கு இருந்த ஒரே இடம் பாஸ்டன் நகரின் பிராங்க்ளின் பூங்காவிலிருந்த பொதுத் திடல். வார விடுமுறையில் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, பின்னர் டிராம் வண்டிகளில் மாறி மாறிப் பயணித்து அங்கு சென்றார். கோல்ஃப் வீண் பொழுதுபோக்கு என்றே தந்தை கருதினார்.

புரூக்லைன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது கோல்ஃப் அணி ஒன்று உருவாக வீமெட் உதவினார். 1909 ஆம் ஆண்டு பாஸ்டன் வட்டாரப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் வெற்றி பெற்றார்.

இளையோர் உறுப்பினர்

1910 ஆம் ஆண்டு அமெரிக்க அமெச்சூர் போட்டி த கன்ட்ரி கிளப் திடலிலேயே நடைபெற இருந்தது. தம் வீட்டு எதிரே நடக்கும் போட்டியில் கலந்துகொள்ள வீமெட் விரும்பினார். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கழகம் ஒன்றின் உறுப்பினர்கள் மட்டுமே அப்போட்டிக்கு விண்ணப்பிக்க இயலும். கேடியாக இருப்பது உறுப்பினராக இருப்பது ஆகாது.

அருகிலுள்ள நியூட்டன் நகரின் உட்லண்ட் கோல்ஃப் கழகம் இளையோருக்குக் குறைந்த கட்டணத்தில் உறுப்பினர் தகுதி வழங்கி வந்தது. கட்டணம் 25 டாலர். அத்தொகையை வீமெட் தம் தாயிடம் கடனாகப் பெற்றார். அக்கடனைத் தீர்ப்பதற்காகப் பாஸ்டனில் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வாரக் கூலி 4 டாலர். அதாவது, உறுப்பினர் கட்டணம் ஆறு வாரக் கூலிக்கும் சற்று அதிகம். 

உறுப்பினரான பின்னரும் வெற்றி உடனே கிடைத்துவிடவில்லை. 1910, 1911, 1912 ஆகிய மூன்று ஆண்டுகளும் அமெரிக்க அமெச்சூர் போட்டியின் தகுதிச் சுற்றிலேயே தோற்றார். எனினும் கழகத்தின் திடலில் முறையாகப் பயிற்சி பெறவும், சிறந்த ஆட்டக்காரர்களுடன் ஆடவும் வாய்ப்பு கிட்டியது. 1913 இல் மாசசூசெட்ஸ் மாநில அமெச்சூர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கார்டன் சிட்டியில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் முதன்முறையாகத் தகுதி பெற்று, அக்காலத்தின் முன்னணி ஆட்டக்காரரான ஜெரோம் டிராவர்சிடம் தோற்றார்.

1913 அமெரிக்க ஓப்பன்

1913 அமெரிக்க ஓப்பன் போட்டியும் த கன்ட்ரி கிளப் திடலில் நடைபெற்றது. இங்கிலாந்திலிருந்து ஹாரி வார்டன், எட்வர்டு ரே ஆகிய இரு பெரும் ஆட்டக்காரர்கள் வரவிருந்ததால், போட்டி செப்டம்பர் மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. வார்டன் அதற்குள் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை ஐந்து முறையும், அமெரிக்க ஓப்பன் பட்டத்தை 1900 ஆம் ஆண்டிலும் வென்றிருந்தார். ரே 1912 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஓப்பன் வெற்றியாளர். இருவரும் ஜெர்சி தீவில் பிறந்தவர்கள். தோட்டக்காரரின் மகனான வார்டனும் சிறுவயதில் கேடியாக இருந்தவரே.

வீமெட் அப்போது ரைட் அண்ட் டிட்சன் என்னும் விளையாட்டுப் பொருள் கடையில் வேலை செய்துவந்தார். போட்டியில் கலந்துகொள்ளுமாறு அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவர் ராபர்ட் வாட்சன் அவரைக் கேட்டுக்கொண்டார். அமெச்சூர் போட்டிக்காக ஏற்கனவே விடுப்பு எடுத்திருந்ததால், மீண்டும் விடுப்புக் கேட்க வீமெட் தயங்கினார். நாளிதழில் அவரது பெயரைக் கண்ட கடை உரிமையாளர் ஜார்ஜ் ரைட், தாமே முன்வந்து போட்டியில் ஆடும்படி பணித்தார். ரைட் முன்னாள் பேஸ்பால் வீரர் ஆவார்.

எடி லோவரி

வீமெட்டின் பையைச் சுமக்க ஒப்புக்கொண்டிருந்தவர் ஜாக் லோவரி என்னும் சிறுவன். பள்ளிக்குச் செல்லாமல் திரிந்ததற்காக அவன் அதிகாரிகளிடம் பிடிபட்டான். அவனுக்குப் பதிலாக வந்தவன் அவனுடைய தம்பி, 10 வயது எடி லோவரி. அவனும் பள்ளிக்குச் செல்லாமல் வந்தவனே. பை ஏறக்குறைய அவனது உயரமே இருந்தது.

மூவர் சமநிலை

போட்டி செப்டம்பர் 18, 19 ஆகிய நாட்களில் நான்கு சுற்றுகளாக, மொத்தம் 72 குழிகளுக்கு நடைபெற்றது. மழையால் திடல் நனைந்திருந்தது. வார்டனும் ரேயும் தலா 304 அடிகளில் முடித்தனர். பின்னால் ஆடிவந்த வீமெட், கடைசிச் சுற்றின் முதல் ஒன்பது குழிகளில் 43 அடிகள் எடுத்து மிகவும் பின்தங்கினார். சமன் செய்ய வேண்டுமெனில் கடைசி ஆறு குழிகளை இயல்பான கணக்கைவிட இரண்டு அடிகள் குறைவாக முடிக்க வேண்டியிருந்தது.

13 ஆவது குழியில், குழிப்பரப்புக்கு வெளியிலிருந்து மெல்லத் தட்டிய பந்து நேராகக் குழிக்குள் சென்று ஓர் அடி மிச்சமானது. எஞ்சிய ஓர் அடியை 17 ஆவது குழியில் நீண்ட தூரத்திலிருந்து பந்தை உருட்டிப் பெற்றார். அது அவரது வீட்டுக்கு எதிரே இருந்த குழி. 18 ஆவது குழியை இயல்பான கணக்கில் முடித்து, 77, 74, 74, 79 என்னும் சுற்றுகளுடன் அவரும் 304 அடிகளில் நிறைவு செய்தார்.

முடிவாட்டம்

வெற்றியாளரைத் தீர்மானிக்க மூவரும் மறுநாள், செப்டம்பர் 20 அன்று, மேலும் 18 குழிகள் ஆடினர். அன்று காலை, அனுபவம் மிக்க ஒருவர் பையைச் சுமப்பது நல்லது எனக் கருதிய வீமெட்டின் நண்பர் ஒருவர், லோவரிக்குப் பணம் தந்து பையைப் பெற முயன்றார். லோவரி மறுத்தான். கண்ணீர் ததும்பி நின்ற சிறுவனைக் கண்ட வீமெட், அவனையே வைத்துக்கொண்டார்.

ஆயிரக்கணக்கானோர் மழையில் நின்று ஆட்டத்தைக் கண்டனர். முதல் ஒன்பது குழிகளை மூவரும் தலா 38 அடிகளில் முடித்தனர். 10 ஆவது குழியில் வீமெட் முன்னிலை பெற்றார். அதன்பின் அதை அவர் இழக்கவில்லை. 17 ஆவது குழியில், வளைவைக் குறுக்கே கடக்க முயன்ற வார்டனின் பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. வீமெட் அதே குழியை மூன்று அடிகளில் முடித்தார். இறுதியில் வீமெட் 72, வார்டன் 77, ரே 78 அடிகள் எடுத்திருந்தனர்.

மக்கள் வீமெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டாடினர். லோவரிக்காகக் கூட்டத்தில் தொப்பி ஏந்திப் பணம் திரட்டப்பட்டது. அமெச்சூர் ஆகையால் வீமெட் பரிசுப் பணம் எதுவும் பெறவில்லை.

வெற்றியின் தாக்கம்

அதுவரை சமூக விருந்துகளின் பக்கத்தில் இடம்பெற்றுவந்த கோல்ஃப், இவ்வெற்றிக்குப் பின் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் ஆடுவோரின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. கழக உறுப்பினர் அல்லாதோரும் ஆடக்கூடிய பொதுத் திடல்கள் பல ஊர்களில் அமைக்கப்பட்டன.

எனினும், கழகங்களின் கதவுகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடவில்லை. கறுப்பினத்தவர், யூதர், பெண்கள் ஆகியோரைப் பல கழகங்கள் நெடுங்காலம் முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் விதியை 1961 ஆம் ஆண்டில்தான் நீக்கியது.

அமெச்சூர் தகுதி நீக்கம்

1914 இல் வெர்மான்ட் மாநிலத்தின் எக்வானொக் திடலில் டிராவர்சை வென்று அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் வீமெட் கைப்பற்றினார். அதே ஆண்டு பிரெஞ்சு அமெச்சூர் பட்டத்தையும் வென்றார்.

பின்னர் நண்பருடன் சேர்ந்து விளையாட்டுப் பொருள் கடை ஒன்றைத் தொடங்கினார். கோல்ஃப் மூலம் கிடைத்த புகழைக்கொண்டு கோல்ஃப் பொருட்களை விற்பது அமெச்சூர் நெறிக்கு மாறானது எனக் கருதிய அமெரிக்க கோல்ஃப் சங்கம், 1916 ஆம் ஆண்டு அவரது அமெச்சூர் தகுதியை நீக்கியது. உழைத்தே வாழவேண்டிய ஒருவருக்கும், வருமானத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத செல்வந்தருக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்னும் கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. சங்கத்தின் முடிவை ஏற்காத மேற்கு கோல்ஃப் சங்கம் தனது போட்டியில் அவரை ஆட அனுமதித்தது. 1917 ஆம் ஆண்டு அப்பட்டத்தை வீமெட் வென்றார்.

முதல் உலகப் போரின்போது அவர் அமெரிக்கப் படையில் சேர்ந்தார். 1918 ஆம் ஆண்டு சங்கம் அவரது அமெச்சூர் தகுதியை மீண்டும் வழங்கியது. அதே ஆண்டு ஸ்டெல்லா சல்லிவன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள். தொழில்முறை ஆட்டக்காரராக மாறும் வாய்ப்புகள் இருந்தும், வீமெட் இறுதிவரை அமெச்சூராகவே ஆடினார். நிதித்துறையில் பணிபுரிந்து குடும்பத்தை நடத்தினார்.

பிற்கால ஆட்டங்கள்

1925 அமெரிக்க ஓப்பனில் முதலிடத்துக்கு ஓர் அடி மட்டுமே பின்தங்கினார். 1931 ஆம் ஆண்டு சிகாகோவின் பெவர்லி திடலில் ஜாக் வெஸ்ட்லண்டை வென்று, 17 ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறையாக அமெரிக்க அமெச்சூர் பட்டம் பெற்றார்.

அமெரிக்காவுக்கும், பிரித்தானியா மற்றும் அயர்லாந்துக்கும் இடையே அமெச்சூர்கள் ஆடும் வாக்கர் கோப்பை 1922 இல் தொடங்கியது. முதல் எட்டுப் போட்டிகளிலும் அமெரிக்க அணியில் இவர் இடம்பெற்றார். 1932 முதல் 1949 வரை நடந்த ஆறு போட்டிகளில் அணித்தலைவராக இருந்தார். அவற்றுள் 1938 ஆம் ஆண்டுப் போட்டியில் மட்டுமே அமெரிக்கா தோற்றது. 1932 ஆம் ஆண்டு தமது கோல்ஃப் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார்.

கல்வி உதவி நிதியம்

கேடிகளாக வேலை செய்யும் சிறுவர்களுக்குக் கழகத்துக்குள் நுழைவதைக் காட்டிலும் கல்லூரிக்குள் நுழைவதே பெரிய தடையாக இருந்தது. இதற்கான முயற்சிகளுள் முன்னோடியானது, 1930 ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு உதவத் தொடங்கிய எவன்ஸ் கல்வி உதவித் திட்டம். 1916 ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய இரண்டையும் வென்ற சிக் எவன்ஸ் அதற்குக் காரணமானவர். அவரும் முன்னாள் கேடியே.

1949 ஆம் ஆண்டு வீமெட்டின் நண்பர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரான்சிஸ் வீமெட் கல்வி உதவி நிதியத்தைத் தொடங்கினர். தொடக்கத்தில் கேடிகளுக்காக உருவான இந்நிதியம், பின்னர் திடல் பராமரிப்பு, கழகத்தின் விற்பனையகம் முதலிய பணிகளில் ஈடுபடும் இளைஞர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் ஆட்டத்திறன் கருதப்படுவதில்லை. குடும்பத்தின் பொருளாதாரத் தேவையும் படிப்பும் உழைப்புமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. இதன்மூலம் ஆயிரக்கணக்கானோர் கல்லூரிப் படிப்பை முடித்துள்ளனர்.

எடி லோவரி பிற்காலத்தில் கலிபோர்னியாவில் வாகன விற்பனைத் தொழிலில் பெருஞ்செல்வரானார். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். வீமெட்டும் லோவரியும் வாழ்நாள் முழுவதும் நண்பர்களாக இருந்தனர்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகத் தலைவர்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ராயல் அண்ட் ஏன்சியண்ட் கோல்ஃப் கழகம் 1754 ஆம் ஆண்டு தோன்றியது. 1951 ஆம் ஆண்டு வீமெட் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரித்தானியர் அல்லாத ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை.

புதிய தலைவர் பொறுப்பேற்கும்போது பழைய திடலின் முதல் குழியில் ஒரு பந்தை அடிப்பது மரபு. கேடிகள் திடலில் காத்து நின்று அப்பந்தை எடுக்க ஓடுவர். எடுத்து வருபவருக்குத் தலைவர் ஒரு பொற்காசு வழங்குவார். 1951 இல் அப்பந்தை அடித்தவர், சிறுவயதில் புரூக்லைன் திடலின் புல்லில் பந்து பொறுக்கியவர்.

மறைவும் நினைவும்

வீமெட் செப்டம்பர் 2, 1967 அன்று நியூட்டன் நகரில் காலமானார். புரூக்லைனிலுள்ள ஹோலிஹுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் நன்னடத்தைக்காக வழங்கும் பாப் ஜோன்ஸ் விருதை 1955 இல் முதன்முதலாகப் பெற்றவர் இவரே. 1974 ஆம் ஆண்டு உலக கோல்ஃப் புகழ் மண்டபத்தில் முதல் அணியினருள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். 1988 ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. 1913 ஆம் ஆண்டின் போட்டியைப் பற்றி மார்க் ஃபிராஸ்ட் எழுதிய நூல் 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைத் தழுவிய திரைப்படம் 2005 இல் வெளியானது.

த கன்ட்ரி கிளப் திடலில் 1963, 1988, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அமெரிக்க ஓப்பன் நடைபெற்றது. கிளைட் தெருவில் வீமெட் வாழ்ந்த வீடு இன்றும் 17 ஆவது குழிக்கு எதிரே நிற்கிறது.

முக்கிய வெற்றிகள்

- அமெரிக்க ஓப்பன்: 1913
- அமெரிக்க அமெச்சூர்: 1914, 1931
- பிரெஞ்சு அமெச்சூர்: 1914
- மேற்கு அமெச்சூர்: 1917
- வடக்கு தெற்கு அமெச்சூர்: 1920
- மாசசூசெட்ஸ் அமெச்சூர்: 1913, 1914, 1915, 1919, 1922, 1925